ரேடியோவின் கீழ்வரிசைப் பல்

தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அந்த வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பால் வாங்கப் போனால் பால்காரரிடம் பேசுவார், குப்பை கொட்டப் போனால் குப்பைத் தொட்டியிடம் பேசுவார். இப்பேர்ப்பட்ட மனிதருக்குக் காது கேட்காத மனைவி வாய்த்திருக்கிறாளே, கொடுத்துவைத்தவள் என்று தெருவே சொல்லிச் சிரிக்கும். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் இதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"அட போங்க சார். உங்களுக்கெல்லாம் நான் பேசறதுல பாதிதான் போய்ச் சேருது. அவளுக்குத்தான் ஒரு எழுத்து விடாம போகுது" என்றார் ரேடியோ. எதிர்வீட்டுக்காரர் இதையும் ஒரு கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அது நிஜம்.

அவளுக்குக் காது பிறவியிலேயே போனதல்ல. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் சும்மா போகாமல் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அப்போது ரேடியோ ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பாதி நாள் கெட்டுக் கிடக்கும் மைக்கை நம்பாமல், ஒவ்வொரு சொல்லையும் உதட்டாலேயே செய்து கொடுத்துப் பழகிய வாய் அவருடையது. அந்த வாயை அவள் படித்துக்கொண்டாள். வேறு யார் வாயும் அவளுக்குப் பிடிபடவில்லை. பெற்ற மகளின் வாய்கூட அவளுக்கு வெறும் மெல்லல்தான். இவர் பேசினால் மட்டும் போதும், தையல் மெஷினில் குனிந்தபடியே ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வாள். ஸ்டேஷன் மாஸ்டர் தும்முவதற்கு முன் எப்படி வானத்தைப் பார்ப்பார் என்று இவர் நடித்துக் காட்டினால், ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மற்றவர்களுக்கென்று அவளிடம் ஒரு தலையாட்டல் இருந்தது. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் தோள் இறக்கம், கை நீளம், சொந்தக் கதை என்று எதை எதையோ பேசுவார்கள். அவள் அவர்கள் முகத்தையே பார்த்தபடி மெதுவாகத் தலையை ஆட்டுவாள், கடைசியில் ஒரு சிரிப்பு. எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர்களும் நிம்மதியாகப் போவார்கள். வாசல் தாண்டியதும் இவர் பக்கம் திரும்பி, "என்ன சொல்லிட்டுப் போறாங்க?" என்பாள். அதற்கு 'ஊர்த் தலை' என்று ரேடியோ பெயர் வைத்திருந்தார்.

"எனக்கு மட்டும் ஊர்த் தலையை ஆட்டினே, அன்னிக்கே நான் பெட்டியைக் கட்டிடுவேன்" என்பார்.

"உங்களுக்கு எதுக்கு ஆட்டணும்? புரியலன்னா ஒண்ணு போட்டுக் கேப்பேன்." அப்படித்தான் கேட்பாள். புரியாவிட்டால் அவர் தோளில் ஓர் அடி விழும். "என்ன? மறுபடி!"

ஈறு நோயில் அவருக்குப் பல்லெல்லாம் போனபோது பல்செட் கட்டினார்கள். மேல்வரிசை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒழுங்காக இருந்தது. கீழ்வரிசைதான் வில்லங்கம் பண்ணியது. அது பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை, நாக்கு அசைந்தால் தானும் எழுந்து அசையும். பல்லை விழாமல் பிடிப்பதற்கே உதட்டுக்கு வேலை சரியாக இருந்ததால் அதனால் சொல்லைச் செய்ய முடியவில்லை. கொஞ்ச காலம் அந்த வீட்டில் 'சாப்பாடு', 'தண்ணி', 'கதவு' என்பதற்கு மேல் பேச்சில்லை. ரேடியோ இளைத்துப் போனார். சாப்பிட முடியாமல் இளைத்தார் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் அவருடைய கீழ்த்தாடை எலும்பில் இரண்டு திருகாணிகளை இறக்கி, ஈறுக்கு மேலே தலைகாட்டும்படி ஒவ்வொன்றிலும் ஓர் உலோகக் குமிழை வைத்தார்கள். பல்செட்டின் அடியில் அவற்றுக்கு நேராக இரண்டு சின்னக் கிண்ணங்கள், கிண்ணத்துக்குள் நைலான் வளையம். செட்டை வைத்து அழுத்தினால் குமிழ் வளையத்துக்குள் போய்க் கப்பென்று மாட்டிக்கொள்ளும்.

"அட, பிரஸ் பட்டன்!" என்று கத்தினாள் அவள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ புதுப் பல்லைக் காட்டி அத்தனை பேருக்கும் ஒரு வணக்கம் போட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் இரண்டு காரியங்கள் தவறாமல் நடந்தன. அவர்கள் இரண்டு பேரையும் தவிர அது யாருக்கும் தெரியாது. காலையில் அவர் பல்லைப் போடும்போது அவள் வந்து அவர் தாடையில் உள்ளங்கையை வைப்பாள். டக், டக். காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் கைக்கு எட்டும். விரலால் அழுத்தித்தான் போட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விரலால் போட்டால் அவள் கைக்கு ஒன்றும் தெரியாது என்பதால் இவர் நறுக்கென்று கடித்துப் போடுவார். சில நாள் "இன்னொரு தடவை" என்பாள். கழற்றிவிட்டு மறுபடி கடிப்பார். "ஸ்டேஷன் வேலை செய்யுது" என்று அறிவித்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போவாள்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழிந்ததும் இரண்டாவது காரியம். அவரைக் குழல் விளக்குக்குக் கீழே உட்காரவைத்து, "ஆ காட்டுங்க" என்பாள். முதலில் செட்டைக் கழற்றி வாங்கி, பற்பொடியைக் கொட்டி, கிண்ணத்துக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பாள். பிறகு அதே பொடியைத் தொட்டு, அவர் வாய்க்குள் இருக்கும் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். தையல்காரியின் கை, ஒரு வேலையைப் பாதியில் விடத் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் குமிழ் மின்னும்வரை விடமாட்டாள். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் ரேடியோ பேசாமல் இருக்கிற நேரம், தெருவுக்கே ஓய்வு.

இப்படியே வருஷங்கள் போயின. நடுவில் அவருக்கு முதுகெலும்பில் ஒரு நோய் வந்து, உயிர் ஓட மாதம் ஓர் ஊசி என்று ஆகியிருந்தது. ஒரு காலை, தாடையில் கை வைத்திருந்தவள் கையை எடுக்காமல் நின்றாள்.

"ஒரு பக்கந்தான் வந்துச்சு."

"நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர். ஆனால் அவருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளாக இடது பக்கம் சாப்பிடும்போது வலது பக்கம் எழுந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர் ஓர் இளம்பெண். நல்ல மாதிரி, ஆனால் கண்ணுக்குக் கீழே முகம் முழுக்க மாஸ்க். ரேடியோவின் மனைவிக்கு மாஸ்க் போட்டவர்கள் எல்லாம் சுவர் மாதிரிதான். அதனால் வழக்கம்போல், டாக்டர் சொல்வதை இவர் திரும்பி உதட்டால் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பல்லே டாக்டர் கையில் இருந்ததால் அவளுக்கு இரண்டு சுவர்.

டாக்டர் செட்டைத் திருப்பி விளக்கில் காட்டினார். "வளையம் தேஞ்சு போச்சுங்க. அது தேயறதுதான், மாத்திடலாம். ஆனா உள்ள கோடு கோடா இருக்கே. எதை வெச்சுத் தேய்க்கறீங்க?"

ரேடியோ நாக்கால் ஈறைத் தடவிக்கொண்டார்.

"பொடி ஏதாவது போடறீங்களா? பொடி, பேஸ்ட், முரட்டு பிரஷ், எதுவும் ஆகாது. உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கற மாதிரி. வளையத்தை மட்டுமில்ல, குமிழையே தின்னுடும்."

"என்ன கேக்கறாங்க?" என்றாள் அவள், சுவர் அதிர.

அவர் அவளைப் பார்த்தார். மடியில் பையை வைத்துக்கொண்டு, அதற்குள் செட்டை வைக்கக் கொண்டுவந்த டப்பாவைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி சூடு அதிகமாகி வாடிக்கைக்காரி ஒருத்தியின் ரவிக்கை தீய்ந்துவிட்டது. அதற்கு இவள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். அந்தம்மா போகட்டும் என்று விட்ட பிறகும் இவள் விடவில்லை. கையைக் கையைப் பார்த்துக்கொண்டு, சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். போனது ஒரு ரவிக்கைதான். இது அப்படி இல்லை.

"வெறும் தண்ணிதாங்க" என்று டாக்டரிடம் பொக்கை வாயால் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் இல்லை. ஆனால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னது அதுதான் முதல்.

புது வளையம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதும் அவள் முன்னால் வந்து நின்று, "என்ன சொன்னாங்க? சொல்லுங்க" என்றாள்.

"வளையம் பழசாம், மாத்திட்டாங்க. இத்தனை வருஷம் தாங்கினதே பெரிசாம். யாரோ நல்லாப் பாத்துக்கறாங்கன்னாங்க."

"பின்னே? தேய்க்கறது யாரு?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவள் நடையில் இருந்த மிடுக்கைப் பின்னாலிருந்து பார்த்தபோது, கடைசியாகச் சொன்ன பொய்யைத் திரும்ப விழுங்க முடியாதா என்று அவருக்கு இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பற்பொடி டப்பாவை எடுத்துப் பழைய செருப்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அவளா கண்டுபிடிக்காமல் இருப்பாள்? "எலியா இழுத்துட்டுப் போச்சு?" என்று கேட்டுத் துடைத்து எடுத்துவந்தாள். மறுநாள் சாக்கடையில் கொட்டிவிட்டுக் காலி டப்பாவை வைத்தார். அவள் கடைக்குப் போய்ப் பெரிய டப்பாவாக வாங்கி வந்துவிட்டாள்.

"வெறும் தண்ணியே போதும்னு டாக்டர் சொன்னாங்க" என்று சொல்லிப் பார்த்தார்.

"டாக்டருக்கு என்ன? அவங்களா நாள் பூரா உங்க வாயைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க? இங்க பாருங்க, எப்படி மின்னுது. வாயை நல்லாத் திறங்க."

திறந்தார். இந்த இடத்தில் அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது, ஒவ்வொரு ராத்திரியும் தோன்றியது. ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. சிரிக்கச் சிரிக்கச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரை நடித்துக் காட்டுகிற மாதிரி அவளையே நடித்துக் காட்டி, பொடியைத் தொட்டுக் குமிழைத் தேய்க்கிற தேய்ப்பை ஊதிப் பெரிதாக்கி, அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது விஷயத்தை நடுவில் வைத்துவிட வேண்டும். அதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் பார்த்தே நாளைக் கடத்தினார். புது வளையத்தின் பிடி நன்றாக இருந்ததால் அவசரம் ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பிடி முதல் வளையம் தாங்கிய காலத்துக்குத் தாங்கவில்லை, சீக்கிரமே விட்டது. மறுபடி போனார்கள். டாக்டர் இன்னும் இறுக்கமான வேறு நிற வளையம் போட்டார். அதுவும் விட்டது. இருப்பதிலேயே இறுக்கமானதைப் போட்டபோது, ஒரு வாரம்தான், பல்லைக் கழற்ற ரேடியோ கண்ணில் தண்ணீர் வர இழுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அதுவும் தளர்ந்தது. இந்த முறை டாக்டர் செட்டைப் பார்க்கவில்லை. சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுக் குமிழ்களைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"வளையத்துல தப்பில்லைங்க. குமிழே போயிடுச்சு. மேல் பூச்சு பல்லிளிச்சிருக்கு. இங்க சுத்திலும் ஒரு விளிம்பு இருக்கணும், அதைத்தான் வளையம் கவ்வும். உங்களுக்கு ரெண்டுமே மழமழன்னு உருண்டையாயிடுச்சு. எத்தனை புது வளையம் போட்டாலும் கவ்வறதுக்கு ஒண்ணுமில்ல."

"குமிழை மாத்திட்டா?" வாயில் பல் இல்லாமல் கேட்டார்.

"இந்த மாதிரி இப்ப வர்றதில்ல. அப்படியே வேற மாதிரி பொருத்திப் பாக்கலாம்னாலும் இதைக் கழட்டணும்." டாக்டர் ஒரு திருகியை விட்டுப் பார்த்தார். அது குமிழின் தலைக் குழியில் பிடிக்காமல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. "முறுக்கினா எலும்புல இருக்கற ஆணியே முறியும்."

"வேற ஆணி?"

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். "முதுகெலும்பு நோய்க்கு நீங்க ஊசி போட்டுக்கறீங்கல்ல? அந்த ஊசி போட்டுக்கறவங்க தாடையில கத்தி வெச்சா ஆறாதுங்க. எலும்பு அழுகும். நான் மட்டுமில்ல, யாரும் செய்யமாட்டாங்க."

யாரும் செய்யவில்லைதான். மகள் விசாரித்துச் சொன்ன பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து காட்டினார்கள். அங்கே இரண்டு பேர் சேர்ந்து படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் கையை விரித்தார்கள். ஊசியை நிறுத்திவிடலாமா என்று ரேடியோ கேட்டார். அவர்களில் மூத்தவர் படத்தை உறைக்குள் போட்டார். "பல்லுக்காக உயிரை விடற வயசாங்க?" என்றார் பிறகு.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து வந்தாள். "என்னவாம்?"

"குமிழ் தேஞ்சு போச்சு" என்றார். பல் மேலே எழும்பியது. கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டார்.

தோளில் அடி விழுந்தது. "என்ன? மறுபடி!"

"தேஞ்சு போச்சு. பழசு."

"பழசுன்னா வேற தச்சுக்கலாமே" என்றாள். பட்டன் தேய்ந்தால் அவள் அதைத்தான் செய்வாள்.

ஒட்டுப் பசை ஒன்று வாங்கினார்கள். காலையில் தடவினால் கொஞ்ச நேரம் பிடிக்கும். பிறகு கரைந்து, வாயெல்லாம் கொழகொழவென்று நிற்கும். பசை பிடித்திருக்கிற நேரத்திலும் பழைய பேச்சு இல்லை. எங்கே பெயர்ந்துவிடுமோ என்ற பயத்தில், வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி உதட்டைத் திறக்காமலே பேசினார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து செய்த சொற்கள் எல்லாம் தட்டையாகி ஒரே மாதிரி வெளியே வந்தன. தெருவுக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. கொஞ்சம் கொழகொழத்தாலும் காதுள்ளவர்களுக்குப் புரிந்துவிடும். "என்ன ரேடியோ, ஸ்டேஷன் சரியா எடுக்கலையா?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். இவரும் சிரித்து வைத்தார்.

வீட்டில் தோளில் அடி விழுந்துகொண்டே இருந்தது. "என்ன? மறுபடி!" சொல்வார். "மறுபடி!" பல் எழும்பும், அமுக்கிக்கொண்டு சொல்வார். அவள் தையலை நிறுத்திவிட்டு, மெஷினிலிருந்து எழுந்து வந்து, முகத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். கோளாறு தன் கண்ணில்தான் என்று ஒருநாள் கண் டாக்டரிடம்கூடப் போய்வந்தாள். கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் அப்பாவின் போனில் ஏதோ ஒன்றை இறக்கி, "இதுல பேசுப்பா. நீ பேசறதை அதுவே எழுதும். அம்மா படிச்சுக்கட்டும்" என்றாள்.

ரேடியோ போனை வாய்க்கு நேரே பிடித்து, ஸ்டேஷன் மாஸ்டர் கதை ஒன்றை எடுத்துவிட்டார். திரையில் எழுத்து ஓடியது. மனைவி ஆவலாகக் குனிந்து படித்தாள், அப்புறம் மகளைப் பார்த்தாள். மகள் வாங்கிப் பார்த்தாள். சம்பந்தமில்லாத சொற்கள் தலைகால் புரியாமல் வரிசையாக நின்றன. பசையை மறுபடி தடவிக்கொண்டு வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உனக்கு வேண்டியது என்ன" என்று போன் எழுதியது. அவர் அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை.

"நீயே டைப் பண்ணிடேன்பா" என்றாள் மகள், கண்ணைத் திருப்பிக்கொண்டு. அவள் ஊருக்குப் போனபின் டைப் பண்ணவும் செய்தார். தடித்த விரல், ஓர் எழுத்து அடித்தால் பக்கத்து எழுத்து விழும். 'மழை வரும் துணி எடு' என்பது வரும். 'மகள் போன் பண்ணினாள் நலம்' என்பது வரும். செய்தி வந்தது, அவர் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் தும்மலை எப்படி டைப் பண்ணுவது? ஒரு நாள் பண்ணியே பார்த்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி எழுத்து வரை கவனமாகப் படித்து, "அப்புறம்?" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை, அதுதான் கதையின் முடிவு.

பொடி விஷயத்தையும் ஒருமுறை அதில் அடித்தார். 'உன் பொடிதான் தேய்த்துவிட்டது.' அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகார் மாதிரி இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

சொல்லாமல் விட்டுவிடலாம், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தார்தான். குமிழ் போனது போனதுதான். ஆனால் அந்த ஒரு பொய் உள்ளே கிடந்து அறுத்தது. இத்தனை வருஷத்தில் அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒரு பேச்சு உண்டென்றால் அது இதுதான். கையில் பொடியோடு அவள் வரும்போதெல்லாம், நாம் இவளை ஏமாற்றுகிறோம், இவளும் தெரியாமல் நம்மைத் தேய்க்கிறாள் என்று தோன்றும். முழுசாக ஊமையாவதற்கு முன் இதை மட்டுமாவது வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். எந்தச் சொல்லுக்குப் பல் எழும்புகிறது என்று பார்த்து, அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு வேறு சொல் போட்டார். அவளுடைய தேய்ப்பை நடித்துப் பார்த்தார். முழங்கையைத் தூக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி. நன்றாகவே வந்தது. அவருக்கே சிரிப்பு வந்தது.

அன்றைக்கு மத்தியானமே பசையைத் தாராளமாகத் தடவி, கொஞ்ச நேரம் வாயை மூடி வைத்திருந்தார். அவள் ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி போட்டு உட்கார்ந்தார். அவள் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

அவர் ஆரம்பித்தார். டாக்டர் கேட்ட கேள்வியைச் சொன்னார். வெறும் தண்ணி என்று தான் புளுகியதைச் சொன்னார். அவளுடைய முழங்கையை நடித்துக் காட்டினார். உன் கைக்கு டக்கென்று தெரியட்டும் என்று தான் கடித்துக் கடித்துப் போட்டதையும் சொன்னார், அதிலும் தேய்ந்திருக்கும், உன்மேல் மட்டும் பழி இல்லை, நாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் இந்த ஸ்டேஷனை மூடினோம் என்றார். பல் எழும்பியது. நாக்கால் அமுக்கிக்கொண்டு விடாமல் போனார். அதனாலென்ன, இந்த வாய் பேசினதெல்லாம் உனக்குத்தானே, நீ தேய்ச்சுத் தீர்த்தா தீரட்டுமே என்று சொல்லி, பழைய ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தை வைத்துக்கொண்டு முடித்தார். வாயோரம் பசை வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டு, தோளைக் கொஞ்சம் அவள் பக்கமாக நீட்டி உட்கார்ந்தார். அடி விழும், மறுபடி என்பாள், மறுபடி சொல்வோம், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வோம் என்று காத்திருந்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஆட்டி, கடைசியில் சிரித்தாள்.

"சரிங்க" என்றாள்.

ரேடியோவுக்கு முதலில் புரியவில்லை. அது ஊர்த் தலை என்று புரிந்தபோது நீட்டிய தோளை எப்படித் திரும்ப இழுத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே இருந்தார். அவள் கையை நீட்டி அவர் வாயோரத்தில் மிச்சமிருந்த பசையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவர் கண்ணைப் பார்க்காமல் மெஷின் பக்கம் திரும்பினாள். சக்கரம் சுற்றியது. பாவாடை ஓரம் முழுவதையும் அவள் அடித்து முடித்தபோதும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

சாப்பாடு ஆனது, பாத்திரம் ஒழிந்தது. அவள் குழல் விளக்கைப் போட்டு, பெரிய டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆ காட்டுங்க."

அவர் பல்லைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். பிடிப்பே இல்லாததால் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பொடியைத் தொட்டுக்கொண்டு குனிந்தாள். அவர் வாயைத் திறந்தார்.